அக்காவுடன் எரிந்த மருந்து

அக்காவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வீட்டுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் அயலவர்களுக்கும் வணக்கம்.

முன்பக்கத்தில் அக்காவின் படம் இருக்கிறது. அதற்குப் பிறகு தேவாரங்கள், பேரப்பிள்ளைகள் எழுதிய கவிதை, வம்சாவளி எல்லாம் வருகின்றன. இந்தப் பக்கங்களை என் மூத்த பெறாமகன், அதாவது அக்காவின் மூத்த மகன், என்னிடம் தந்தார். "சின்னம்மா, நீங்கள் நல்லாக் கதைப்பியள். கதைக்கிற மாதிரியே எழுதுங்கோ. ஆனா ஒருத்தரையும் ஏசிப்போடாதேங்கோ" என்றார். அவர் கேட்டதில் முதல் பாதியைச் செய்திருக்கிறேன். மற்றப் பாதிக்கு நான் உறுதி கொடுக்கவில்லை.

செத்தவீட்டு நாளிலிருந்து எட்டாம் நாளில் நடக்கும் எட்டுச் செலவு வரை வந்தவர்கள் எல்லாரும் என்னிடம் ஒரே மாதிரித்தான் சொன்னார்கள். "சந்தனம் மாதிரி மணந்த மனிசி." "தெய்வ கடாட்சம் உள்ள கை." "அவ பூசினா எந்த வருத்தமும் பறந்திடும்." கேட்கக் கேட்க எனக்கு எரிச்சல்தான் வந்தது. அக்கா உயிரோடு இருந்து இதைக் கேட்டிருந்தால் கூட்டுகிற தும்புத்தடியை எடுத்திருப்பார். எந்த வருத்தத்துக்கு, எந்த நோய்க்குச் சந்தனம் சரி, எதற்குச் சரியில்லை என்று நாற்பது வருடமாகத் தொண்டை நோகச் சொன்ன மனுசி அவர். அதைக் காதில் வாங்கியவர்களை விரல் விட்டு எண்ணலாம். அந்த விரல்களில் நானும் இல்லை என்பதுதான் என் ஆத்திரம். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அக்கா கரவெட்டியில் பிறந்தார். ஐயா வெங்காயத் தோட்டக்காரர். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே ஐயா நெஞ்சு வருத்தத்தில் போய்விட்டார். அம்மா தோட்டத்துக்கு இறங்கினார். பன்னிரண்டு வயது அக்கா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வெங்காயம் பிடி பிடியாகக் கட்டினார். "உன்னைத் தூக்கித் தூக்கித்தானடி என்ரை இடுப்புக் கோணினது" என்று அறுபது வயதிலும் எனக்குச் சொல்லிக் காட்டுவார். நான் வழக்கமாகச் சொல்லும் பதில், "கீழ விட்டிருந்தா நான் அப்பவே ஓடியிருப்பன், நீங்கள்தான் விடேல்லை" என்பது. இருவருக்கும் அந்தச் சண்டை அலுக்கவே இல்லை.

பத்தொன்பது வயதில் அவருக்கு ஒரு இலவச சித்த மருந்தகத்தில் வேலை கிடைத்தது. மருந்து இடிப்பது, அரைப்பது, பொட்டலம் கட்டுவது. அங்கிருந்த வைத்தியர் வாய் திறவாத மனிதர். நாடி பார்ப்பார், சீட்டு எழுதுவார், அவ்வளவுதான். அக்காவுக்கு வாய் சும்மா இராது. சொறி, அரிப்பு என்று மருந்து வாங்கித் திரும்ப வருகிறவர்களை மறித்துக் கேட்பார். "போன கிழமை தந்தது கேட்டதோ? எவ்வளவு நேரம் குளிர்ந்தது? திரும்ப எப்ப கடிச்சது?" சொன்னதை எல்லாம் ஒரு கொப்பியில் எழுதுவார். அவர் படித்தது அப்படித்தான். வருத்தக்காரரின் வாயிலிருந்து.

உடுவிலில் கலியாணம் முடிந்தது. அத்தான் அப்போது பதுளையில் ஒரு கடையில் வேலை. முதல் தீபாவளிக்கு வரும்போது மலைநாட்டில் யாரிடமோ வாங்கிய ஒரு சந்தனக் கட்டையைக் கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்தார். முழங்கை நீளம், நல்ல வைரம் பாய்ந்த உள்மரம். அக்காவுக்கு அன்று வந்த கோபத்தை அவரே பல முறை நடித்துக் காட்டியிருக்கிறார். "ஊரெல்லாம் மனிசன்மார் சீலை கொண்டருகினம். இவர் எனக்கு விறகு கொண்டந்திருக்கிறார்." அந்த விறகுதான் பிறகு அவர் வாழ்க்கை முழுவதும் கூட வந்தது. இடம்பெயர்ந்து ஓடியபோது பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் இருந்த பையில் அதுவும் இருந்தது. அத்தான் காலமான பிறகும் அவர் கையில் அது தேய்ந்துகொண்டே இருந்தது. கடைசியில் ஒரு சாண் மிஞ்சியது.

அவர் அதை எதற்கெல்லாம் அரைத்தார் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். இனியாவது தெரியட்டும். வெயிலில் வேர்க்குருப் போட்டு உடம்பு சிவந்தால் வெறும் தண்ணீரில் அரைத்துப் பூசுவார். வெயில் தலையிடிக்கு நெற்றியில், அதுவும் மெல்லிசாக. தடிப்பாக அப்பினால், "சுவருக்கு வெள்ளையடிக்கிறியோ?" என்று கேட்பார். கொப்புளிப்பான் அம்மை வந்து பொருக்கு உதிர்ந்த பிறகு தோலில் நிற்கும் கடிக்கு, அந்த அரிப்புக்குக் கொடுப்பார். நீர்க்கடுப்புக்கு இளநீரில் கரைத்துக் குடிக்கலாம், ஆனால் வைத்தியர் அளவு சொல்லியிருந்தால் மட்டும். கடைச் சந்தனப் பொடியைக் கிட்டவும் எடுக்கமாட்டார். நிறம் போட்ட மரத்தூள் என்று தள்ளிவிடுவார். நல்ல கட்டை எத்தனை தரம் உரைத்தாலும் அதே மணம் தரும். எண்ணெயில் ஊறவைத்த கட்டை முதல் உரைப்பில் மணந்துவிட்டு அடுத்த உரைப்பில் வெறும் மரமாகிவிடும்.

பச்சைப் புண்ணில் பூச விடமாட்டார். சளியோ மூச்சு முட்டோ உள்ளவரின் நெஞ்சில் பூச விடமாட்டார். காய்ச்சல்காரருக்கு வாசலிலேயே மறிப்பு. ஒரு மாரிகாலம், பக்கத்து ஒழுங்கையில் இருந்து ஒரு தாய் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"அக்கா, மூண்டு நாளாக் கொதிக்குது. நெத்திக்குக் கொஞ்சம் பூசி விடுங்கோ."

"மூண்டு நாளாக் கொதிக்குது எண்டுறாய், என்னட்டை ஏன் கொண்டந்தனி? டெங்குக் காலமடி. பஸ்ஸுக்கு நிக்காதை, ஓட்டோ பிடி."

"என்னக்கா, சந்தனம் குளிர்மைதானே. நீங்கள் இப்ப பெரிய டொக்டர் மாதிரிக் கதைக்கிறியள்."

"நான் டொக்டர் எண்டா உன்னை ஏனடி டொக்டரிட்டை அனுப்புறன்?"

பிள்ளை ஒரு கிழமை ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்து வந்தது. அந்தத் தாய் செத்தவீட்டில் என் கையைப் பிடித்து என்ன சொன்னார் தெரியுமா? "அக்கா அண்டைக்குச் சந்தனம் பூசித்தான் என்ரை பிள்ளை தப்பினது." யாரோடுதான் மல்லுக்கட்டுவது?

இனிச் சின்னராசா அண்ணையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஒழுங்கையின் கடைசி வீடு. தோட்டக்காரர். சண்டைக் காலத்தில் பெற்றோல் கிடைக்காமல், தண்ணீர் இறைக்கும் மெசினை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அதைத் தொடக்கும்போது தீப்பிடித்து, அவருக்குக் கழுத்தும் நெஞ்சும் வலது கையும் எரிந்துபோயின. ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்து பிழைத்தார். புண் ஆறியது, தோல் மூடியது. ஆனால் மூடிய தோல் வியர்க்காது. பங்குனி பிறந்து வெயில் ஏறினால் அந்தத் தழும்பு முழுவதும் காந்தும், கடிக்கும். சட்டை பட்டாலும் பொறுக்காது. ஆஸ்பத்திரிக் களிம்பு பூசுவார். அது பத்து மணி வரை தாங்கும். பிறகு மத்தியான வெயில்.

அக்கா எடுத்த எடுப்பில் அவருக்குச் சந்தனம் கொடுக்கவில்லை. "முதல்ல கிளினிக்கில கேட்டுக்கொண்டு வாங்கோ, தோல் மூடினதுக்கு மேல பூசலாமோ எண்டு" என்று திருப்பி அனுப்பினார். பூசலாம் என்று சொன்ன பிறகுதான் சந்தனக் கல்லைக் கழுவினார். அன்றிலிருந்து ஒவ்வொரு பங்குனி, சித்திரை, வைகாசியும் பதினொரு மணிக்குச் சின்னராசா அண்ணையின் மனைவி ஒரு சின்னச் சில்வர் கிண்ணத்தோடு வருவார். அக்கா பன்னீரில் அரைத்து வழித்துக் கொடுப்பார். கேள்வியும் நடக்கும்.

"நேற்று எத்தினை மணிக்குத் திரும்பக் கடிச்சது?"

"மூண்டு மணி ஆகியிட்டுது தங்கச்சி. நித்திரையும் கொண்டவர்."

"அப்ப இண்டைக்கும் அதே பதம்தான். காய முன்னம் விசிறாதேங்கோ, உதிர்ந்திடும்."

மத்தியானத்தில் மூன்று நான்கு மணித்தியால நித்திரை. மற்றவர்களுக்கு அது பெரிய காரியமாகத் தெரியாது. சின்னராசா அண்ணைக்கு வெயில் காலம் முழுவதும் கிடைத்த நிம்மதி அது ஒன்றுதான்.

போன மார்கழியில் அக்காவின் கால் வீங்கத் தொடங்கியது. இதயம் களைத்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இரண்டு கிழமை அங்கே, பிறகு வீட்டில். வீட்டுக்கு வந்த நாலாம் நாள் காலை என்னைக் கூப்பிட்டு அலுமாரியைக் காட்டினார்.

"அந்தக் கட்டையைச் சின்னராசா அண்ணை வீட்டில குடுத்திட்டு வா. மனிசிக்கு அரைக்கப் பழக்கிப் போட்டன்."

"இப்ப என்ன அவசரம்? பங்குனிக்கு நீங்களே அரைச்சுக் குடுங்கோவன்."

"பங்குனிக்கு நான் இருக்கமாட்டன்."

"விசர்க் கதை கதையாதேங்கோ."

"விசர் உனக்கு. எழும்பிப் போ."

நான் போகவில்லை. அந்தக் கட்டை அலுமாரியில் கிடந்தால் அக்கா எழும்பி வந்து அரைப்பார் என்று எனக்குள் ஒரு நம்பிக்கை. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால், அக்கா இனி எழும்பமாட்டார் என்று நானே கையெழுத்துப் போட்டமாதிரி. இரண்டு நாள் கழித்து மறுபடி கேட்டார். "நாளைக்குக் குடுக்கிறன்" என்றேன். மூன்றாம் முறை கேட்டபோது மூச்சு வாங்கி வாங்கிக் கேட்டார். நான் "குடுத்திட்டன்" என்று சொன்னேன்.

"நல்லது" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். பிறகு அதைப்பற்றிக் கேட்கவே இல்லை. கொடுத்தாயிற்று என்று நம்பியதால் வேறு யாரிடமும் சொல்லவும் இல்லை. எனக்கும் அக்காவுக்கும் இடையில் நின்ற கடைசிப் பொய் அது. அதைத் திருத்துவதற்கு எனக்குப் பதினொரு நாள் இருந்தது.

அந்த நாட்களில் பார்க்க வந்தவர்களும் என் பொறுமையைச் சோதித்தார்கள். எங்களுக்கு மாமா முறையான ஒருவர் (பெயரை எழுதவில்லை, அவரும் இதை வாசிப்பார்) கோயிலில் இருந்து ஒரு பைக்கற்றுச் சந்தனப் பொடி கொண்டுவந்து, நான் குசினி அடுப்படியில் நின்ற நேரம் பார்த்து, அக்காவின் நெஞ்சு முழுவதும் குழைத்துப் பூசிவிட்டார். நான் ஓடிவந்தபோது அக்கா முழித்துக்கொண்டு கிடந்தார்.

"ஆர் உது பூசினது? துடையடி. நெஞ்சுச் சளியோட கிடக்கிறவளுக்குச் சந்தனமோ?"

"குளிர்மைதானே பிள்ளை, உனக்குப் பிடிச்ச சாமான்" என்றார் மாமா.

அக்கா என்னைப் பார்த்தார். "நாப்பது வருசம் ஆருக்கடி நான் சொன்னனான்?" என்றார். நான் ஈரத் துணியால் துடைத்தேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. தை மாதம் ஒரு விடியற்காலை, தேத்தண்ணி கேட்டார். நான் ஊற்றிக்கொண்டு வருவதற்குள் போய்விட்டார்.

கிரியை நடந்துகொண்டிருந்தபோது, "சந்தனக் கட்டை ஏதும் வீட்டில கிடக்கோ? இல்லாட்டியும் குறையில்லை" என்று குருக்கள் கேட்டிருக்கிறார். கேட்டவர் மேல் பிழை இல்லை. அதே மாமா, "சந்தன அக்காவின்ரை வீட்டில சந்தனம் இல்லாமலோ!" என்று எழும்பியிருக்கிறார். பெறாமகன் அலுமாரியைத் திறந்து, வெள்ளைத் துணியில் சுற்றியிருந்ததை எடுத்திருக்கிறார். அதை நெஞ்சோடு அணைத்து அழுதாராம். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. நான் அப்போது உள்ளே பெண்களோடு இருந்தேன்.

எங்கள் பக்கத்தில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. ஒழுங்கை முகப்போடு நின்றுவிட வேண்டும். அக்காவின் பெட்டி தெருவில் ஏறிய பிறகுதான் பார்க்கிறேன், மாமாவின் கையில் தட்டம். அதில் நெய், கற்பூரம், பூ. அவற்றின் மேல் அந்தக் கட்டை.

"நில்லுங்கோ! அது மருந்து! அதை எரிக்காதேங்கோ!"

பறை அடித்துக்கொண்டிருந்தது. என் குரல் போய்ச் சேரவில்லை. கிட்ட நின்ற பெண்களுக்குக் கேட்டது. அவர்கள் என்னைக் கட்டிப்பிடித்தார்கள்.

"விடுங்கோ, அழட்டும். தாய் மாதிரி வளர்த்தவ எல்லோ."

"நான் அழேல்லை. ஆரும் ஓடிப்போய் அந்தத் தட்டத்தை மறியுங்கோ!"

"ஓமடி ஓம். மனசு ஆறுமட்டும் அழு."

ஒருவர் என் வாயில் சோடாவை வைத்தார். நான் உதறிக்கொண்டு இரண்டு அடி முன்னே போனேன். ஒரு வயதான மாமி கையை விரித்து மறித்தார். "பொம்பிளையள் உதுக்கு அங்காலை போறேல்லை பிள்ளை." நான் நின்றுவிட்டேன். அந்த இடத்தில் வேலி இல்லை, சுவர் இல்லை. மாமிக்கு எண்பது வயது. தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். மற்றவர்களில் எனக்குள்ள கோபமெல்லாம் ஒரு பக்கம், நான் அங்கே நின்றதில் உள்ள கோபம் இன்னொரு பக்கம். பெட்டி திரும்பி மறைந்தது.

அடுத்த நாள் காடாத்து முடித்துச் சாம்பலோடு வந்த பெறாமகன் என்னிடம் வந்து உட்கார்ந்தார். "சின்னம்மா, நேற்றுச் சுடலை முழுக்க மணந்தது. அம்மாவுக்கு ஒரு குறையும் விடேல்லை." நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?"

"நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை தம்பி. அதுதான்."

எட்டுச் செலவுக்கு அடுத்த நாள் சின்னராசா அண்ணை வீட்டுக்குப் போனேன். அக்கா கொடுக்கச் சொன்னது, நான் கொடுக்காதது, கொடுத்துவிட்டதாகச் சொன்னது, ஒன்றையும் மறைக்கவில்லை. அண்ணைதான் பதில் சொன்னார்.

"பிள்ளை, நெருப்பு என்னெண்டு எனக்குத் தெரியும். அந்த நேரத்தில அவவோட கொஞ்சம் குளிர்மை போனது நல்லதுதான். அது அவவிட்டையே இருக்கட்டும். எனக்கொண்டும் வேண்டாம்."

இதை நான் வீட்டில் வந்து சொன்னபோது எல்லாரும் கண்ணைத் துடைத்தார்கள். "பாத்தியே, அவரே சொல்லிட்டார். இனி நீ உதைக் கிண்டாதை" என்றார் மாமா. அதோடு அவர்களுக்கு விசயம் முடிந்துவிட்டது. எனக்கு முடியவில்லை. ஏனென்றால் அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவரது இடது கை சட்டைக் கழுத்துக்குள் போய்ச் சொறிந்துகொண்டிருந்தது. வாசல் படலை வரை என்னோடு வந்த அவர் மனைவி மெல்லச் சொன்னார். "அவர் அப்பிடித்தான் சொல்லுவார் தங்கச்சி. வெயில் இந்த முறை முந்தீட்டுது. போன கிழமையே தொடங்கீட்டுது."

பெறாமகன் சும்மா இருக்கவில்லை. கொழும்பில் ஆளை வைத்து ஒரு கட்டை எடுப்பித்தார். நான் கல்லில் உரைத்துப் பார்த்தேன். முதல் உரைப்பில் வீடு மணந்தது. அடுத்ததில் தச்சுப்பட்டறை மணம்தான் வந்தது. அவர் முகத்தைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை. வேறு இடத்தில் சொல்லிவைத்திருக்கிறார். எப்போது வருமோ தெரியாது.

அக்காவை ஆஸ்பத்திரியில் பார்த்த வைத்தியர்களுக்கும், இரவு பகல் பாராத தாதிமாருக்கும் எங்கள் நன்றி. மூன்று நாளும் எங்கள் அடுப்பு எரியாமல் சாப்பாடு கொண்டுவந்த அயல் வீட்டுக்காரருக்கும், பந்தல் போட்டவர்களுக்கும், கதிரை தந்த சனசமூக நிலையத்துப் பிள்ளைகளுக்கும் நன்றி. வெளிநாட்டில் இருந்து ஓடிவந்தவர்களுக்கும், வர முடியாமல் தொலைபேசியில் அழுதவர்களுக்கும் நன்றி. மாமாவுக்கும் நன்றி. முப்பத்தொரு நாளும் எங்கள் வீட்டு வேலையைத் தன் வேலையாக ஓடி ஓடிச் செய்தவர் அவர். அவரில் எனக்குக் கோபமும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வாங்கிக்கொள்ளட்டும்.

நீங்களும் எனக்கு ஒரு உதவி செய்ய வேண்டும். உங்களில் பலருடைய சுவாமி அறையில் சந்தனக் கட்டை கிடக்கிறது. நான் கண்டிருக்கிறேன். இந்தியாவுக்குப் போய்வந்தபோது வாங்கியது, யாரோ பரிசாகத் தந்தது, ஒருநாளும் உரைக்காமல் தூசு பிடித்துக் கிடப்பது. விரல் நீளம் என்றாலும் போதும். உரைத்துப் பாருங்கள்; இரண்டாம் உரைப்பிலும் மணந்தால் கொண்டுவாருங்கள். என் கையில் மட்டும் தந்துவிடாதீர்கள். நான் நாளைக்கு என்று எடுத்து வைத்துவிடுவேன். ஒழுங்கையின் கடைசி வீட்டுக்கு நேரே போய், சின்னராசா அண்ணையின் மனைவியிடம் கொடுங்கள். அண்ணை வேண்டாம் என்றுதான் சொல்லுவார். அவர் சொல்லி முடிக்கும் வரை நிற்காதீர்கள், வைத்துவிட்டு வாருங்கள்.